கேட்ட அவையும் கண்ட அவையும்: அச்சுக்கலை பற்றிய மூன்று உரைகள்

சொற்பொழிவு இலக்கிய வகைகளுள் ஒன்றாக எண்ணப்படுதல் அரிது. சமய மேடையிலும் அரசியல் மேடையிலும் நிகழ்ந்த உரைகள் தொகுக்கப்பெற்று நூலுருப் பெற்றதுண்டு. அவற்றின் சொல்வன்மையை ஆராய்ந்தாரும் உளர். ஆயின், ஒரு தொழிலைச் செய்வார் தம்முட் கூடி, அத்தொழிலைப் பற்றியே ஒருவர் பேச ஏனையோர் கேட்ட உரைகளைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொண்டார் மிகச் சிலரே. தச்சரும் கொல்லரும் தம் கலையைக் கைவழிக் கற்றனரேயன்றிச் செவிவழிக் கற்றிலர். அச்சுக்கலையும் அதன் வழித்தோன்றலாகிய வரைகலை வடிவமைப்பும் இவ்வகையில் வேறுபட்டன. கடந்த நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கலையோர் மண்டபங்களிற் கூடிப் பேசி வருகின்றனர். பொதுமக்களையும் அழைத்துப் பேசி வருகின்றனர். நூலின் பக்கம், சுவரொட்டி, வீதிப்பலகை, பொருளுறை ஆகிய யாவும் கண்ணுக்கென்றே அமைந்தவை. காண்டற்குரிய ஒன்றைக் கேட்டற்குரியதாக மாற்றும்போது அதற்கு நேர்வது யாது? இவ்வினாவுக்கு விடைகாண இலண்டன் மாநகரில் 1888, 1930, 1963 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று உரைகள் பெரிதும் உதவுவன.

மூன்றனுள் இன்று மிகுதியும் படிக்கப்படுவது நடுவணதே. 1930 ஒக்டோபர் 7ஆந் திகதி, பிளீற் வீதிக்கு அணித்தாயுள்ள சென் பிரைட் நிலையத்தில், பிரித்தானிய அச்சுக்கலைஞர் சங்கத்தார் முன்னிலையில், பியற்றிஸ் வோட் என்னும் அமெரிக்கப் பெண்மணி அதனை நிகழ்த்தினார். அச்சு கண்ணுக்குப் புலனாகாதிருத்தல் வேண்டும் என்பதே அன்று அவ்வுரை தாங்கிய தலைப்பின் பொருள். பின்னர் அது பளிங்குக் கிண்ணம் என்னும் பெயரால் வழங்கலாயிற்று. 1955இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியும் அப்பெயரையே தாங்கியது. தலைப்பு மாறிய இச்சிறு செய்தியே அவ்வுரையின் இயல்பை ஒருவாறு உணர்த்தவல்லது. கொள்கை பின்னடைய உவமை முன்வந்துவிட்டது.

உவமை இதுதான். மதுவை ஊற்றுதற்கு இரு கிண்ணங்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒன்று நுண்ணிய வேலைப்பாடமைந்த பொற்கிண்ணம். மற்றையது நீர்க்குமிழிபோல் மெல்லிய, நிறமற்ற பளிங்குக் கிண்ணம். மதுவின் நயமறிந்தவன் பளிங்கையே தேர்வான். ஏனெனின் உள்ளிருப்பதை மறையாது காட்டுதலே அதன் அமைப்பின் நோக்கம். அவ்வாறே நல்ல அச்சும் கருத்தைக் காட்டித் தான் மறையும் என்பது வோட் அம்மையார் கூற்று. அவர் உவமையை அவ்வளவில் விட்டுவிடவில்லை. கிண்ணத்தின் காம்பு, பிடிப்போன் விரல் மதுவுக்கும் கண்ணுக்கும் இடையே படாதவாறு காக்கிறது; பக்கத்தின் ஓரவெளியும் எழுத்துப் பரப்பின்மீது விரல்படாது காக்கிறது என உறுப்புறுப்பாக ஒப்புமை காட்டிச் செல்கிறார். உவமையை இத்துணைத் தூரம் இழுத்தும் அறுபடாது காத்தல் எளிதன்று. அவையோர் மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. உரைநடையழகு கருதி மூன்றையும் தரப்படுத்தின் இதற்கே முதலிடம் வழங்கல் வேண்டும்.

எனினும் ஈண்டு ஒரு முரண் உளது. தன்னைக் காட்டாது பொருளைக் காட்டுக என்று போதிக்கும் இவ்வுரை, தன்னையே காட்டி நிற்கிறது. கேட்டார் நெஞ்சில் எஞ்சியது கிண்ணமேயன்றி மதுவன்று. அச்சுக்கோப்போன் ஒருவன் இவ்வுரையைக் கேட்டு வேலைத்தலத்துக்கு மீண்டால், மறுநாட் காலையில் அவன் கை செய்யவேண்டிய மாற்றம் யாது? வரிகளுக்கிடையே எத்துணை இடைவெளி விடுவது, எந்த எழுத்தை எந்த அளவில் எடுப்பது என்பனவற்றுக்கு அவ்வுவமை நேர்விடை தருவதில்லை. அது மனப்பாங்கைத் திருத்தும், கையைத் திருத்தாது.

மற்றுமொன்று. பளிங்கு யாவர்க்கும் பளிங்காய் இராது. தெளிவு என்பது எழுத்தில் உள்ளதா, படிப்போன் பழக்கத்தில் உள்ளதா என்னும் வினாவை அம்மையாரின் உரை போதிய அளவு எதிர்கொள்ளவில்லை. தமிழ் படிப்போர்க்கு இது நன்கு விளங்கும். புள்ளியிடாது எழுதிய ஏட்டை நம் முன்னோர் தடையின்றிப் படித்தனர். இற்றைநாள் மாணவனுக்கு அதே ஏடு கற்சுவராய் நிற்கிறது. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்குமுன், ணை, லை, ளை, னை என்பன முன்னே வளைந்த கொம்புடன் அச்சிடப்பெற்றன. அவ்வச்சிற் பழகிய முதியோர்க்குப் புதிய வடிவங்களே சில காலம் கண்ணை உறுத்தின. அவற்றிலேயே கற்றுத் தேர்ந்த இளையோர்க்குப் பழம்பதிப்புகள் உறுத்துகின்றன. இரண்டில் எது பளிங்கு, எது பொன்? உரோம எழுத்தின் ஐந்நூறாண்டுப் பழக்கத்தை இயற்கையென்றே கொண்டு பேசும் ஒருவர்க்கு இவ்வினா தோன்றாமை வியப்பன்று.

வியப்புக்குரியது பிறிதொன்று. இவ்வுரையை நிகழ்த்துதற்கு நான்காண்டுகளின் முன், 1926இல், போல் போசோன் என்னும் ஆண்பாற் புனைபெயரில் இதே அம்மையார் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருந்தார். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கலைஞர் குளோட் கரமொன் வெட்டியவை என நெடுங்காலம் போற்றப்பட்ட எழுத்துகள் உண்மையில் அவர்க்குப் பிற்பட்ட ஜான் ஜானொன் என்பாருடையவை என்பதை அதில் அவர் நிறுவினார். பாரிஸ் நகரில் இருந்த, 1621இல் அச்சான ஜானொன் எழுத்து மாதிரி நூலே அதற்குச் சான்றாயிற்று. எழுத்தின் ஊடே பாராது எழுத்தையே உற்றுப் பார்த்தமையாற் கிடைத்த முடிபு அது. ஆராய்ச்சியாளர் வோட் கண்ணைப் பயன்படுத்தினார். பேச்சாளர் வோட் கண்ணை மறக்கச் சொன்னார். படிப்போன் எழுத்தை நோக்காதிருத்தல் நன்றாகலாம். ஆனால் சென் பிரைட் நிலையத்தில் அன்று அமர்ந்திருந்தோர் எழுத்தை ஆக்குவோர். படிப்போனுக்குரிய இலக்கணத்தை ஆக்குவோன்முன் விதித்தமையே அவ்வுரையின் குறை எனல் பொருந்தும். அவர் மொனோரைப் நிறுவனத்தின் விளம்பரப் பகுதிக்குப் பொறுப்பாளராயிருந்தவர் என்பதும் நினைக்கற்பாலது. எழுத்துகளை வடிவுக்கேற்ப வேறுபடுத்தி விற்கும் நிறுவனம் ஒன்றின் சார்பில் எழுத்து மறைந்தொழிக எனப் பேசியதில் ஒரு நகைச்சுவை இல்லாமலில்லை.

இனி 1963ஆம் ஆண்டின் உரை. உரை எனல் தகுமோ என ஐயுறத்தக்க அளவுக்கு அது சிறிது. அவ்வாண்டு நவம்பர் 29ஆந் திகதி, இலண்டனிலுள்ள சமகாலக் கலை நிலையத்திற் கைத்தொழிற் கலைஞர் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. கென் காலண்ட் என்னும் இளம் வடிவமைப்பாளர் அவையில் அமர்ந்திருந்தபடியே ஓர் அறிக்கையை எழுதினார். கூட்ட முடிவில் எழுந்து அதனைப் படித்தார். அவையோர் ஆரவாரித்தனர். 1964 சனவரியில், அவருட்பட 22 பேர் கைச்சாத்துடன், 400 படிகள் அச்சாகி வெளிவந்தன. முதற்கடமைகள் முதலில் என்பது அதன் தலைப்பின் கருத்து. பாராளுமன்ற உறுப்பினர் ரோனி பென் அதனைக் காடியன் பத்திரிகையில் தாம் எழுதிவந்த பத்தியில் வெளியிட்டமையால் அது நாடறிந்ததாயிற்று.

இவ்வறிக்கையின் வலிமை அதன் பட்டியல்களில் உளது. ஒருபுறம் பூனையுணவு, சலவைத்தூள், மயிர் வளர்க்கும் மருந்து, வரியோடிய பற்பசை, சிகரெற் முதலிய பண்டங்கள். மறுபுறம் வீதிக்கும் கட்டடத்துக்கும் உரிய வழிகாட்டிப் பலகைகள், நூல்கள், பருவ வெளியீடுகள், கற்பித்தற் சாதனங்கள், கருவிகளை இயக்கும் முறை விளக்கும் கைந்நூல்கள். முன்னவற்றில் வடிவமைப்போர் ஆற்றல் வீணாகிறது. பின்னவை அவ்வாற்றலை வேண்டி நிற்கின்றன. அணி எதுவுமின்றிப் பொருட்பெயர்களை அடுக்கியமையே இதன் அணி. பளிங்குக் கிண்ண உரை ஒரே பொருளைப் பற்றி நின்று ஒளிர்ந்தது. இதுவோ கடைவீதிப் பொருள்களை வாரி அவைமுன் கொட்டியது. கேட்டோர் தத்தம் மேசைமேற் கிடந்த வேலையை அப்பட்டியலிற் கண்டிருப்பர். தம் தொழிலாரைத் தம் தொழிலாரவையிலேயே கடிந்துரைத்தற்கு வேண்டிய துணிவு சிறிதன்று.

ஆயினும் அறிக்கை தன்னைத் தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. விளம்பரத்தை ஒழிக்க வேண்டும் எனக் கூறவில்லை என்றும், முன்பின் முறையை மாற்றவேண்டும் என்றே கூறுவதாகவும் அது தெரிவிக்கிறது. நியாயமான நிலைப்பாடே. ஆனால் அம்மாற்றத்துக்குக் கூலி கொடுப்பவர் யார்? அதே காலத்தில் இங்கிலாந்தின் வீதிக்குறிகள் அனைத்தும் புதிதாக அமைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஜொக் கினியர், மார்கரெற் கல்வேட் என்னும் இருவர் அப்பணியைச் செய்தனர். 1958இல் திறக்கப்பட்ட பிறெஸ்ரன் நெடுஞ்சாலையில் அவர்தம் பலகைகள் முதலிற் பரிசோதிக்கப்பட்டன. வேபோய்ஸ் குழுவின் அறிக்கை 1963இல் வெளிவந்தது. 1965 சனவரி முதல் புதிய குறிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. காலண்ட் விரும்பிய பணிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அது அரசு அமைத்த குழுவாலும் அரசின் பணத்தாலும் நிறைவேறியது. அறிக்கை பணியின் பெயரைச் சொல்லிற்று. பணி நிறைவேறும் வழியைச் சொல்லவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளின் பின், 2000ஆம் ஆண்டளவில், 33 பேர் கைச்சாத்திட்டு அதனைப் புதுக்கி வெளியிட்டபோது பண்டங்களின் பெயர்களே பெரும்பாலும் மாறவேண்டியிருந்தன. பூனையுணவு நின்ற இடத்தில் நாய்க்குரிய பிஸ்கற்று வந்தது. பழைய அறிக்கை உயிர்ப்புடையதாயிருந்தது என்பதற்கும், அது விரும்பியது நடைபெறவில்லை என்பதற்கும் இஃது ஒருங்கே சான்று.

இவ்விரண்டுக்கும் மிக முற்பட்ட உரையிற் சொல்வன்மை இல்லை. அதனை நிகழ்த்தியவர் மேடைக்குப் புதியவர். பேச அஞ்சியவர் என்றும் கூறுவர். எமரி வோக்கர் என்னும் அவர் படங்களை அச்சுக்குரிய தகடாக்கும் தொழில் நடத்தியவர். இலண்டனின் மேற்குப் பகுதியாகிய ஹமர்ஸ்மித்தில் வாழ்ந்தவர். கவிஞரும் கைவினைஞரும் சமவுடைமைவாதியுமாகிய வில்லியம் மொறிசின் அயலவர், அரசியற் றோழர். 1888இற் கலை கைவினைக் கண்காட்சிக் கழகம் தன் முதற் கண்காட்சியை றீஜன்ற் வீதியிலுள்ள புதிய காட்சிச்சாலையில் நடத்தியது. கண்காட்சியோடு பொதுச் சொற்பொழிவுகளும் ஒழுங்குசெய்யப்பட்டன. மொறிஸ் திரைச்சீலை நெசவு பற்றியும், கழகத்துக்கு அப்பெயரைச் சூட்டியவராகிய கொப்டன் சாண்டர்சன் நூற்கட்டுமானம் பற்றியும் பேசினர். நவம்பர் 15ஆந் திகதி மாலை அச்சும் சித்திரமும் பற்றிப் பேசும் முறை வோக்கருக்கு வந்தது.

அவர் விளக்கொளியின் துணையாற் பழைய நூல்களின் பக்கங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் திரையிற் பெருக்கிக் காட்டினார். கூற்றன்பேக்கின் விவிலியப் பக்கம், 1469இல் அச்சான லிவியின் வரலாற்று நூல், 1451இல் எழுதப்பட்ட ஜஸ்ரின் என்பாரது நூற்பிரதி ஆகியன அவற்றுட் சில. கையெழுத்து நன்றாயிருந்த காலமெல்லாம் அச்சுக்கு உயிருள்ள முன்மாதிரி இருந்தது. கையெழுத்துக் கெட்டபோது அச்சும் கெட்டது என்பது அவர் காட்டிய முடிபு. இவையெல்லாம் இன்று தெரியவருவது மறுநாட் பால் மால் கசற் பத்திரிகையில் ஒஸ்கார் வைல்ட் எழுதிய குறிப்பினால். சொல்லலங்காரத்திற் றம்மை மிஞ்சுவாரில்லை எனப் பெயர்பெற்ற வைல்ட், வோக்கரின் விளக்கங்கள் தெளிவும் எளிமையும் உடையன என்றே பாராட்டினார். அவர் வாயிலிருந்து வந்தமையால் அப்பாராட்டு இரட்டிப்பு மதிப்புடையது.

அன்று திரையில் நிகழ்ந்தது யாது என்பதை நுணுகி நோக்குதல் தகும். நூலில் ஓர் எழுத்து எள்ளளவினது. அதன் கோடு எவ்விடத்திற் றடிக்கிறது, எவ்விடத்தில் மெலிகிறது, அடுத்த எழுத்தோடு எவ்வாறு பொருந்துகிறது என்பன வெறுங்கண்ணுக்கு எளிதிற் புலப்படா. திரையில் அஃது ஆளுயர உருவமாக எழுந்து நின்றபோது, நானூறாண்டுகளாக மறைந்துகிடந்த கைத்திறன் வெளிப்பட்டது. பேச்சாளர் விவரித்துக் கூறவேண்டியது மிகச் சிறிதாயிற்று. வோட் அம்மையார் மறைந்தொழிக என்ற எழுத்து, வோக்கரின் அவையில் யாவரும் காண வீற்றிருந்தது.

அவையில் இருந்தோருள் மொறிசும் ஒருவர். வீடு திரும்பும் வழியிலேயே புதிய எழுத்தொன்றை ஆக்குவோம் என அவர் வோக்கரிடம் கூறினார் எனச் சொல்வதுண்டு. இக்கதையை மிகைப்படுத்தல் ஆகாது. அவ்வாண்டிலேயே தம் நூலொன்றைச் சிசிக் அச்சகத்திற் பழைய வடிவுடைய எழுத்தில் அச்சிடுவிக்க அவர் முற்பட்டிருந்தார். விருப்பம் முன்னரே வேரூன்றியிருந்தது. உரை கொடுத்தது விருப்பமன்று, வழி. பதினைந்தாம் நூற்றாண்டில் வெனிஸ் நகரில் வாழ்ந்த நிக்கொலா ஜென்சன் முதலானோரின் எழுத்துகளை வோக்கர் புகைப்படமாகப் பெருக்கிக் கொடுக்க, மொறிஸ் அவற்றின்மேல் மீண்டும் மீண்டும் வரைந்து பழகினார். தமக்கென வரைந்தவற்றைச் சிறிதாக்கி நோக்கித் திருத்தினார். எட்வேட் பிறின்ஸ் என்னும் கொல்லர் அவற்றை உருக்கு அச்சாக வெட்டினார். அன்று மாலை அவையைக் கவர்ந்த உத்தியே எழுத்தாக்கும் உத்தியாகவும் அமைந்ததென்பது இதனாற் பெறப்படும். சொற்பொழிவின் வடிவமே தொழிலின் வழிமுறையாக மாறியதற்கு இதனை நிகர்த்த எடுத்துக்காட்டு அரிது. 1891இற் கெல்ம்ஸ்கொற் அச்சகம் ஹமர்ஸ்மித்தில் இயங்கத் தொடங்கியது. மொறிஸ் 1896இல் மறைந்தபின்னும் 1898 வரை நிலைத்து, 53 நூல்களை வெளியிட்டது.

அவ்வச்சகத்தின்மீது கூறத்தக்க குறையொன்றும் உண்டு. 1896இல் வெளிவந்த சோசர் கவிதைத் தொகுதி கடதாசியில் 425 படிகளே அச்சாயிற்று. ஒரு படியின் விலை 20 பவுண். உழைப்பாளர்க்காக வீதிமுனையிற் பேசிய ஒருவரின் நூலை எந்த உழைப்பாளனும் வாங்கியிருத்தல் இயலாது. பொதுமக்களுக்கென நிகழ்ந்த ஓர் உரையின் நேர்ப்பயன் செல்வர் பேழையிற் சென்று தங்கியது. வோக்கர் பிற்காலத்திற் கொப்டன் சாண்டர்சனோடு கூடி நடத்திய டவ்ஸ் அச்சகத்தின் கதையோ இன்னும் துன்பமானது. கூட்டு முறிந்தபின், தம் எழுத்து வோக்கர் கைக்குப் போதலாகாதெனக் கருதிய சாண்டர்சன், 1916இலும் 1917இன் தொடக்கத்திலும் இரவு வேளைகளில் ஹமர்ஸ்மித் பாலத்தினின்று அவ்வெழுத்துகளைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்தார். 2014இற் சுழியோடிகள் அவற்றுட் சிலவற்றை மீட்டனர். ஒரே கண்காட்சி மேடையிற் பேசிய இருவரின் நட்பு அவ்வாறு முடிந்தது.

எனினும் 1888ஆம் ஆண்டு உரையின் பயன் செல்வர் பேழையோடும் ஆற்றோடும் நின்றுவிடவில்லை. கெல்ம்ஸ்கொற் அச்சகம் மூடப்பட்டபோது அதன் பொறிகளைச் சி. ஆர். ஆஷ்பி என்பார் வாங்கித் தம் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தில் நிறுவினார்; பின்னர் அவ்வச்சகம் குளொஸ்ரசயர் நாட்டுப்புறத்துக்குப் பெயர்ந்தது. அப்பகுதியிலுள்ள புறோட் கம்டன் என்னும் சிற்றூரில், பழைய நோர்மன் வழிபாட்டில்லம் ஒன்றைத் திருத்தி அமைத்த வீட்டில், 1907இல் வந்து குடியேறியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிற் பிறந்தவர், சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர், இலங்கைக் கனிப்பொருள் அளவையின் தலைவராக 1906 வரை பணியாற்றியவர். அப்பணியின்பொருட்டு ஊரூராய்ச் சென்றகாலை கண்டிநாட்டுக் கைவினைஞரின் வேலையைக் கண்டு குறித்துக்கொண்டவற்றை அவர் இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலாக்கினார்.

அந்நூல் அச்சேறியது மொறிசின் பொறியிலேயே. சோசர் தொகுதியை அச்சிட்ட அதே பொறியில், புறோட் கம்டன் இல்லத்தில், 1907 செப்டெம்பர் தொடங்கி 1908 திசெம்பர் வரை ஏறக்குறைய பதினைந்து மாதம் வேலை நடந்தது. இவ்விவரங்களைக் குமாரசுவாமி நூலிலேயே பதிந்துள்ளார். சோசருக்குப் போலவே இதற்கும் 425 படிகளே அச்சாயின. ஓவியர், தச்சர், தட்டார், குயவர், நெசவாளர் என, மேடையுரை எதனையும் கேளாது தந்தையின் கையைப் பார்த்துத் தொழில் கற்ற இலங்கைக் கைவினைஞரின் கருவிகளும் கோலங்களும் அளவுகளும் அதன் பக்கங்களில் நிரல்பட நிற்கின்றன. கோலங்கள் பல, திரையிற் கண்ட எழுத்துகளைப்போல, ஒவ்வொன்றாகப் பிரித்து வரைந்து காட்டப்பட்டுள்ளன.